நோவில்லாத புண்: நீரிழிவு பற்றி வன்னி வாசகர்களின் கேள்விகளும் வைத்தியரின் பதில்களும்

நீரிழிவு குறித்து வந்து சேர்ந்த கடிதங்களைப் பிரித்து வாசித்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை "ஒரு வருத்தமும் தெரியவில்லை, ஆனால்" என்றே தொடங்குவதைக் கண்டேன். சீனி வருத்தம் என்று நாங்கள் வழங்கும் இந்த நோயின் ஆபத்து அந்தத் "தெரியவில்லை" என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஆகவே, நோவு தெரியாத இடத்தில் நோய் என்ன செய்கிறது என்பதைத் தொடும் கேள்விகளையே இம்முறை தெரிவு செய்துள்ளேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தருகிறேன். தங்களுக்குரிய மருந்தின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டிருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். கிளினிக் கொப்பியையும் நோயாளியையும் நேரில் பாராமல் அதைச் சொல்லுதல் முறையன்று.

கேள்வி: என் தகப்பனாருக்கு 58 வயது. ஒன்பது வருடங்களாக நீரிழிவுக்குக் குளுசை பாவிக்கிறார். சென்ற பெரும்போகத்தின்போது வயலுக்குள் வெறுங்காலுடன் நின்றவருக்கு உள்ளங்காலில் விடத்தல் முள் ஏறியிருக்கிறது. மூன்று நாட்கள் கழித்து நான்தான் அதைக் கண்டேன். அவருக்கு நோவே தெரியவில்லையாம். புண் இப்போது ஆறிவிட்டது. "எனக்கு நோவு தாங்கும் உடம்பு" என்கிறார். இதை இப்படியே விட்டுவிடலாமா? – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: விட்டுவிட வேண்டாம். முள் ஏறியது மூன்று நாட்களாகத் தெரியாமல் இருந்தது உங்கள் தகப்பனாரின் உடற்பலத்தால் அன்று. பாதத்திலுள்ள நரம்புகள் உணர்வை இழந்துகொண்டிருப்பதாலேயே. குருதியில் குளுக்கோசு ஆண்டுக்கணக்காக உயர்ந்து நிற்கும்போது நரம்பிழைகளும், அவற்றுக்குக் குருதி கொண்டுசெல்லும் மிக நுண்ணிய குழாய்களும் சேர்ந்தே பழுதடைகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் கால்விரல் நுனி வரை செல்பவை என்பதால், பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை ஏறுவது போல மெல்ல மேலேறும். சிலருக்கு முதலில் எரிவும் ஊசி குத்துவது போன்ற வேதனையும் இருக்கும். அவர்கள் மருந்து தேடி வந்துவிடுகிறார்கள். எரிவு எதுவுமின்றி நேரே மரத்துப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, ஏனெனில் அவர்கள் வருவதே இல்லை.

ஒருமுறை கமக்காரர் ஒருவர் கண் மங்குகிறது என்று சொல்லிக் கிளினிக்கிற்கு வந்தார். வழக்கப்படி கால்களையும் பார்க்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றிய செருப்பைக் கவிழ்த்தபோது, கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணியொன்று றப்பரைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. அதன் தலை தரையில் உரசித் தேய்ந்து வெள்ளிக்காசு போல மினுங்கியது. அந்தத் தேய்மானத்தைப் பார்த்தால் அவர் பல நாட்கள் அதன்மேல் நடந்திருக்க வேண்டும். பெருவிரலின் அடியில் புண் எலும்பைத் தொட்டிருந்தது. அவரோ, "இது எப்ப ஏறினது?" என்று என்னைக் கேட்டார்.

உங்கள் தகப்பனாரின் பாதத்தில் உணர்வு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை நீங்களே வீட்டில் ஓரளவு அறிய முடியும். அவரைப் படுக்கச் செய்து கண்களை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னிவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடிகள் மட்டும், இறகு பட்டாற்போல் மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போது வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால், உணர்வு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். கிளினிக்கில் இதையே மெல்லிய நைலோன் இழையொன்றைப் பாதத்தில் வைத்து, அது வளையும் அளவுக்கு அழுத்திப் பார்ப்போம். அந்தப் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு தடவையாவது எல்லா நீரிழிவு நோயாளருக்கும் செய்யப்பட வேண்டியது. உங்கள் தகப்பனாருக்கு அதனிலும் கூடுதலாக.

மரத்துப்போன நரம்பை முன்போல ஆக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் மரத்த கால் எல்லாம் வெட்டப்படும் கால் அன்று. இழந்த உணர்வின் வேலையைக் கண்ணும் கையும் எடுத்துக்கொண்டால் அந்தக் காலைக் கடைசி வரை காப்பாற்றலாம். இரவில் படுக்குமுன் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, உள்ளங்காலையும் குதியையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் முகம்பார்க்கும் கண்ணாடியொன்றை வைத்துப் பார்க்கலாம். குதி வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவ வேண்டாம். அங்கு ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், சேற்றுப்புண்ணின் வெடிப்பு கிருமிக்கு வாசலாகும். வயலில் இறங்கும்போது கம்பூட்ஸ் போடுவது எலிக்காய்ச்சலுக்கும் ஓரளவு காவல். சேற்றில் கம்பூட்ஸ் போட்டு வேலை செய்வது எவ்வளவு சிரமம் என்பதை அறிவேன். நடுகையும் களையெடுப்பும் வேறொருவரிடம் போகட்டும், வரம்பு வேலை அவரிடம் இருக்கட்டும் என்று வீட்டில் பங்கிட்டுக்கொள்ள முடியுமாயின் அதுவே நல்லது. எந்தப் பாதணியாயினும் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும், கழற்றியதும் கவிழ்த்துப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு நடந்து செல்வோரும், செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு ஊடாகக் கதிர்காமம் வரை பாதயாத்திரை செல்வோரும், உச்சி வெயிலில் கோயில் வீதியைப் பிரதட்டை செய்வோரும் நம்மிடையே உள்ளனர். உணர்வற்ற பாதம் கொதிக்கும் மணலில் வெந்து கொப்புளித்தாலும் அவருக்குத் தெரியாது. அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போகச் சொல்லுங்கள். வீதி சுற்றும்போது தடித்த காலுறை அணியட்டும். உணர்வு குறைந்தவர்கள் தீமிதிப்பு நேர்த்தியை வேறொரு நேர்த்தியாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

மீண்டும் காயம் பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவித் துப்புரவான துணியால் மூடி, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாம்பல், சுண்ணாம்பு, அரைத்த பச்சிலை எதையும் அப்ப வேண்டாம். ஏற்புத் தடுப்பூசி போட்ட திகதியையும் சொல்லுங்கள். வீக்கம், சிவப்பு, சூடு, நாற்றம், கறுப்பு நிறம் இவற்றில் ஒன்றைக் கண்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவே கூடாது.

கேள்வி: என் கணவர் காலையில் குளுசை போட்டுவிட்டு ஒரு பிளேன்ரீயுடன் தோட்டத்துக்குப் போவார். பதினொரு மணிபோல உடம்பு நடுங்கி, வியர்த்து, சில வேளைகளில் காரணமில்லாமல் ஏசுகிறார். சீனி ஏறுவதால் இப்படி வருகிறதா? – வாசகி, விசுவமடு

பதில்: ஏறுவதால் அன்று, இறங்குவதால். நீங்கள் அனுப்பிய மருந்துச் சிட்டையில் கிளிக்கிளசைட் இருக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. உணவு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. சாப்பிடாமல் மண்வெட்டி பிடித்தால் குருதியில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, அகோரப் பசி இவை முதலில். மூளைக்குக் குளுக்கோசு போதாமற் போகும்போது கோபம், தடுமாற்றம், பிதற்றல், ஈற்றில் நினைவிழப்பு. அந்த ஏச்சை அவருடைய குணமாக எண்ணி மனம் நோக வேண்டாம்.

நடுக்கம் தொடங்கியதும் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்த பின் சோறோ பாணோ கட்டாயம் சாப்பிட வேண்டும், ஏனெனில் இந்த மருந்தின் வேலை மணிக்கணக்காக நீடித்து, இறங்கிய சீனி மீண்டும் இறங்கக்கூடும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்; ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் இல்லை. தெளிந்துவிட்டாலும் அடுத்த கிளினிக்கில் இதைச் சொல்ல மறக்கக் கூடாது. மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற வேண்டியிருக்கலாம்.

இன்று முதல் சாப்பாடு முன்னால், குளுசை அதனோடு என்று வையுங்கள். சேட்டுப் பையில் சீனி மடித்த சிறு சரையொன்று எப்போதும் இருக்கட்டும். வெறுவயிற்றில் கள்ளுக் குடிப்பதும் இதே ஆபத்தைக் கொண்டுவரும்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியர். சாப்பாட்டுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை இரண்டு தடவை 110க்குள் வந்ததால் மெற்போமின் குளுசையை நான்கு மாதங்களாக நிறுத்திவிட்டேன். அந்தக் குளுசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். இப்போது உடம்பு சுகமாகவே இருக்கிறது. நான் செய்தது சரிதானே? – வாசகர், மல்லாவி

பதில்: சரியன்று. மன வருத்தத்துடன்தான் எழுதுகிறேன், ஏனெனில் படித்தவர்களிடமும் இந்த நம்பிக்கை வேரூன்றியிருப்பதை நாள்தோறும் காண்கிறேன்.

முதலில் அந்த 110 பற்றி. அது மருந்து செய்த வேலை; மருந்து தேவையில்லை என்பதற்கான சான்று அன்று. மேலும் வெறுவயிற்றில் எடுக்கும் பரிசோதனை அந்த ஒரு காலைப் பொழுதை மட்டுமே சொல்லும். கிளினிக்கிற்கு முதல் மூன்று நாட்கள் மட்டும் பத்தியம் காத்து நல்ல எண்ணைக் காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. எச்பிஏ1சி என்ற பரிசோதனையிடம் அது செல்லாது. குருதியிலுள்ள செங்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அந்தக் காலத்தில் அதன் ஈமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோசு ஒட்டியது என்பதை அது அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை வெளிப்பட்டுவிடும். பெரும்பாலானோருக்கு அது 7 வீதத்தை அண்டியிருக்க வேண்டும். வயோதிபர்களுக்கும் சீனி அடிக்கடி இறங்குபவர்களுக்கும் 8 வரை தளர்த்துவோம். இரத்தச்சோகை உள்ளவர்களிடம் இந்த எண் பிழையாக வரக்கூடும் என்பதால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்து, சிறுநீரகம். மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. வேறு காரணத்தால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமடைந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும் என்பதற்காகவே அளவைக் குறைக்கிறோம், ஒரு கட்டத்தில் நிறுத்துகிறோம். நிறுத்தியதைக் கண்டவர்கள் மருந்தால்தான் பழுது வந்தது என்று எண்ணிக்கொண்டார்கள். கதை அங்கிருந்தே பரவியிருக்க வேண்டும். உண்மையில் சிறுநீரக வடிகளை அரிப்பது கட்டுப்படாத சீனியும் உயர் குருதி அமுக்கமும் ஆகும். மெற்போமினை நெடுங்காலம் பாவிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம் என்பதும், தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டும் என்பதும் மெய். முன்னதற்குப் பரிசோதனையும், பின்னதற்குச் சாப்பாட்டோடு எடுப்பதும் வழி.

பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்று 1998இல் வெளியானது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய முதற் பிரிவினரின் எச்பிஏ1சி சராசரி 7.0, மற்றப் பிரிவினரின் சராசரி 7.9. வேறுபாடு ஒரு வீதங்கூட இல்லை. ஆயினும் முதற் பிரிவினரிடம் கண், சிறுநீரகம் முதலான நுண்குழாய்ச் சிக்கல்கள் கால்பங்கு குறைந்திருந்தன. ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் எண்களும் ஒன்றாகிவிட்ட போதிலும், தொடக்கத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களின் நன்மை பத்து ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தது என்று 2008இல் வெளியான தொடர் அறிக்கை காட்டியது. உடம்பு முதல் ஆண்டுகளை மறப்பதில்லை. நீங்கள் விட்ட நான்கு மாதங்களை எண்ணி அஞ்ச வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக்கிற்குப் போய், மருந்தை நிறுத்தியதை மறைக்காமற் சொல்லித் தொடங்குங்கள். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி வைத்தியர் அளவைக் கூட்டிவிடுவார்.

சிறுநீரகத்தின் மேல் உங்களுக்கு உண்மையான அக்கறை இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் குருதியில் கிரியற்றினின் என்ற கழிவையும் பாருங்கள். அல்புமின் கசிவு தொடக்கத்திலேயே பிடிபட்டால், எனலாப்பிறில், லொசாற்றன் போன்ற மருந்துகளால் பழுதின் வேகத்தைக் குறைக்கலாம். வவுனியாப் பக்கம் நீரிழிவே இல்லாத கமக்காரருக்கும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வருவதை நாம் அறிவோம். அந்த மண்ணில் நீரிழிவும் உள்ளவர் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். முதுகு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினாக் குளுசைகளே நீங்கள் அஞ்ச வேண்டியவை. பெயரும் உள்ளடக்கமும் எழுதப்படாமல் விற்கப்படும் சீனி வருத்தச் சூரணங்களையும் அவ்வாறே கருதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, கூரையும் தகரம். அயல் வீட்டில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா? – வாசகர், முழங்காவில்

பதில்: உண்டு, அதுவும் செலவில்லாத வழி. திறக்காத குப்பிகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும் என்பதால் அவற்றை மட்டும் அயல் வீட்டிலோ வைத்தியசாலையிலோ வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். பாவனையிலுள்ள குப்பியைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம், வெப்பம் 25 முதல் 30 பாகையைத் தாண்டாதிருந்தால்.

வன்னியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அது தாண்டும். ஆகவே பெரிய மண்சட்டியொன்றில் ஆற்றுமணல் இட்டு, அதன் நடுவே சிறிய மண்முட்டியொன்றைப் பதித்து, மணலைக் காலையும் மாலையும் தண்ணீரால் நனையுங்கள். இன்சுலின் குப்பியை மூடியிறுக்கிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் இட்டு முட்டிக்குள் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மண்ணின் துளைகளூடாக ஈரம் ஆவியாகும்போது உள்ளே சூடு இழுக்கப்படுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். புதுச் சட்டியே நல்லது, எண்ணெய் பிடித்த பழைய கறிச்சட்டியின் துளைகள் அடைபட்டிருக்கும். பனிக்கட்டியோடு மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயனற்றது. குப்பியைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள்.

பாலைப் போல் வெண்மையான கலவை இன்சுலினை ஏற்றுமுன் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே பத்துத் தடவை மெல்ல உருட்ட வேண்டும். உருட்டிய பின்னும் கட்டியோ திரியோ மிதந்தால் எறிந்துவிடுங்கள். தெளிந்த வகை கலங்கியிருந்தாலும் அப்படியே. ஊசியைத் தினமும் ஒரே புள்ளியில் ஏற்றினால் அங்கு கொழுப்புத் தடித்து மருந்து ஒழுங்காக ஊறாது. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரு விரல் அகலம் விட்டு, இடத்தை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். இன்சுலின் தொடங்கினால் இனிக் கடைசி என்று அம்மா அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில், சாவின் விளிம்பில் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கே முதன்முதலில் இது ஏற்றப்பட்டது. அவன் எழுந்து நடந்து மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: சீனியை விட்டுப் பனங்கட்டிக்கும் தேனுக்கும் மாறியிருக்கிறேன். குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாம்தானே? – வாசகி, நெடுங்கேணி

பதில்: பனங்கட்டியும் நம் காட்டுத் தேனும் சீனியின் உறவினரே; குருதிக்குள் போனபின் வேறுபாடு மிகச் சிறிது. குரக்கனில் நார் கூடுதலாக இருப்பது உண்மை, ஆனால் அதுவும் மாப்பொருளே. இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டை ஒருவர் உண்டால் அது குரக்கனா, அரிசிமாவா என்பது பெரிய விடயமன்று. கோப்பையில் பாதியை முருங்கையிலை, வல்லாரை, வாழைப்பூ, கத்தரி, பயற்றங்காய் போன்றவற்றால் நிரப்புங்கள். காற்பங்குக்கு மீனோ பருப்போ முட்டையோ. மிஞ்சிய காற்பங்குக்கே தவிட்டுச் சிவப்பரிசிச் சோறு. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் கறியாக வந்தாலும் அவை சோற்றின் பங்குக்குள் அடங்க வேண்டும். ஒடியற் கூழுக்கும் அதே கணக்குத்தான். பாலைப்பழக் காலத்தில் ஒரு சிறங்கை போதும், ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். பாகற்காயும் கோவையிலையும் நல்ல கறிகள். தாராளமாக உண்ணுங்கள், ஆனால் குளுசைக்கு மாற்றாக அன்று. விருந்தினர் வீட்டில் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி இருந்தது, பிள்ளைப்பேற்றுடன் போய்விட்டது. கண் நன்றாகத் தெரிகிறது. இன்னும் பரிசோதிக்க வேண்டுமா? – வாசகி, மாங்குளம்

பதில்: வேண்டும். கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வரும் வாய்ப்பு மற்றவர்களை விட மிக அதிகம். பிள்ளை பிறந்து 6 முதல் 12 கிழமைகளுக்குள் குளுக்கோசு குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையும், அதன்பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனையும் அவசியம். வெறுவயிற்றில் 126, குளுக்கோசு குடித்து இரண்டு மணித்தியாலத்தில் 200, எச்பிஏ1சி 6.5 என்ற எல்லைகளைத் தொட்டால் நீரிழிவு என்று கொள்கிறோம். அடுத்த பிள்ளைக்கு விருப்பமிருந்தால் கருத்தரிக்கு முன்னரே பாருங்கள்.

கண்ணைப் பற்றிய உங்கள் வரி, நீரிழிவு உள்ள வாசகர்கள் அனைவருக்கும் பொருந்தும். விழித்திரையில் குருதிக்குழாய்கள் கசிந்து புடைத்தாலும், நடுப்பார்வை பாதிக்கப்படும் வரை எழுத்து தெளிவாகவே தெரியும். கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டு ஆண்டுதோறும் பார்த்தால், உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை மூலம் பார்வையைக் காக்கலாம். இழந்த பின் மீட்பது அரிது. துளிமருந்து இட்ட அன்று சில மணித்தியாலங்கள் கண் கூசும் என்பதால் மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: 2009இல் செல் பட்டு எனது வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. செயற்கைக்காலுடன் கடையொன்று நடத்துகிறேன். சென்ற ஆண்டு நீரிழிவு என்று சொன்னார்கள். மற்றக் காலும் போய்விடும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து நித்திரை இல்லை. – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அன்று போன கால் உங்கள் கையில் இருக்கவில்லை. இந்தக் கால் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது என்பதை முதலில் நம்புங்கள். நீரிழிவால் கால் இழக்கப்படும் சந்தர்ப்பங்களில் மிகப் பெரும்பாலானவை கவனிக்கப்படாத ஒரு சிறு புண்ணிலிருந்தே தொடங்குகின்றன. நோய் கண்டு ஓராண்டிலேயே நீங்கள் கவலைப்படத் தொடங்கியது நல்லதற்கே.

உங்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது வெட்டுத்தண்டு. நம் வெக்கையில், தண்டு பொருந்தும் செயற்கைக்காலின் குழிக்குள் வியர்வை தேங்கித் தோல் ஊறும். உரசிய இடத்தில் புண் வரும். உணர்வு குறைந்தால் அது தெரியாது. இரவில் செயற்கைக்காலைக் கழற்றியதும் தண்டைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்கு உலரவிட்டு, கண்ணாடியில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கழுவுவதைக் காலையில் வைக்க வேண்டாம். ஈரத் தோல் குழிக்குள் வழுக்காமல் ஒட்டி உரியும். தண்டுக்கான உறையை நாள்தோறும் மாற்றுங்கள், மடிப்பு விழாமல் அணியுங்கள். உடம்பு மெலிந்தாலோ பருத்தாலோ குழி பொருந்தாமற் போகும். துணியைச் சுற்றிச் சமாளிக்காமல் செய்து தந்த நிலையத்திடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். சிவந்த இடம் ஒன்று கண்டால், அது ஆறும் வரை செயற்கைக்காலைப் போடாமல் ஊன்றுகோலில் இருங்கள். கடையை ஒரு கிழமை தம்பியோ மனைவியோ பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இடக்கால். இத்தனை ஆண்டுகளாக இரு காலின் பாரத்தையும் கூடுதலாகத் தாங்குவது அதுதான். வீட்டுக்குள்ளும் பாதணியுடன் இருங்கள், ஒற்றைக் காலால் தத்திக் குளியலறைக்குப் போகாதீர்கள், நகத்தை நேராக வெட்டுங்கள், ஆணிக்கூட்டை நீங்களே பிளேட்டால் சீவாதீர்கள். நோவே இல்லாமல் பாதம் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால், அது சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். மரத்த பாதத்துக்குள் எலும்பு நொறுங்கும்போதும் அப்படித்தான் இருக்கும். காலை ஊன்றாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். புகைப்பவராயின் இன்றோடு விடுங்கள், பாதத்துக்குப் போகும் குருதிக்குழாய்களை அடைப்பதில் சீனிக்கு அடுத்த கூட்டாளி அதுவே. நித்திரையின்மையையும் கிளினிக்கில் சொல்லுங்கள். மனம் குலைந்திருக்கும்போது சீனியும் அடங்காது, அதற்கும் மருத்துவம் உண்டு.

அடுத்த கிளினிக் நாளில் சனம் நிறைந்திருக்கும், வைத்தியருக்கு நேரம் குறைவாக இருக்கும், உங்கள் காலைப் பார்க்க அவர் மறக்கவும் கூடும். நீங்கள் கேட்டுக்கொண்டு நிற்காமல், கதிரையில் இருந்ததும் இடக்காலின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, "டொக்டர், இதை ஒருக்கால் பாருங்கோ" என்று பாதத்தை நீட்டுங்கள்.